சொன்னது வெளியே போகாது

கருத்துக்கணிப்பு அலுவலகத்தில் அவளுக்கு ரூலர் என்று பெயர். வைத்தவர் சூப்பர்வைசர். பயிற்சி நாளன்று இருபது பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஒரே கேள்வியை வாசித்தார்கள். சிலர் கேள்வியின் கடைசியில் சிரித்தார்கள். சிலர் பாதியிலேயே மன்னிப்புக் கேட்கிற குரலுக்கு இறங்கினார்கள். ஒருவர் மேடையில் நிற்பதுபோல் முழங்கினார். அவள் வாசித்தபோது மட்டும் கேள்வி எந்தப் பக்கமும் சாயாமல் வந்தது. ஆமென்று சொன்னாலும் இல்லையென்று சொன்னாலும் எனக்கு ஒன்றுதான் என்கிற குரல்.

"இதான் வேணும். ரூலர் வெச்சு கோடு போட்ட மாதிரி," என்றார் சூப்பர்வைசர். பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவளைப் 'பெரியவளே' என்று கூப்பிடுவார்கள். அதற்கு இது தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்த கதவுகளில் வாழும் ஆறு தெருக்கள். ஒரு தெருவில் முதல் வீட்டைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதிலிருந்து ஒவ்வோர் ஐந்தாவது கதவையும் தட்ட வேண்டும். கேள்விகள் நாற்பத்திரண்டு. உங்கள் மதம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று தொடங்கி, மற்ற மதத்துக்காரர்மேல் கை வைப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதுவரை போகும். தாள் அச்சடித்து வந்த அதே வாரத்தில்தான் கடைத்தெருவில் அடிதடி நடந்தது. யாருடைய வண்டி யாருடைய வாசலை மறித்தது என்று ஆரம்பித்த பேச்சு, அரை மணி நேரத்தில் சர்ச்சுக்காரர்களும் பள்ளிவாசல்காரர்களுமாகப் பிரிந்து, மூன்று கடைகளின் கண்ணாடியோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்பத்திரண்டு கேள்விகளும் தலா ஒரு கிலோ கூடிவிட்டதாக ரூலருக்குப் பட்டது.

அதிலும் இருபத்தேழாவது கேள்வி. "நம் மதத்தவர் ஒருவர் தாக்கப்பட்டால், தாக்கியவரின் மதத்தைச் சேர்ந்த யாரையாவது திருப்பி அடிப்பது சரியே. இதை ஏற்கிறீர்களா?"

ஒரு தையல்காரர் ஊசியை உதட்டில் கடித்தபடி நெடுநேரம் யோசித்தார். "நான் அடிக்க மாட்டேம்மா. ஆனா அடிக்கிறவனைத் தடுக்கவும் போக மாட்டேன். இதுக்கு எந்த நம்பர்?" ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, "யாரையாவதுன்னா யாரை? ஆளைக் காட்டு, அப்புறம் சொல்றேன்," என்றாள். தொழுகைக்கு ஒருநாளும் தவறாத ஒருவர் 'கூடவே கூடாது' என்றார். பள்ளிவாசல் பக்கமே போகாத அவருடைய மருமகன் 'முழுமையாக ஏற்கிறேன்' என்றான். அடுத்த கட்டடத்தில், ஒரு ஞாயிறும் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் முழுமையாக ஏற்றார். வேதப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாத அவர் மனைவி அவரை முறைத்தாள். அடி வாங்கியதைச் சொல்லும்போது எல்லாருக்கும் 'நாங்க' வந்தது. கொடுத்ததைச் சொல்லும்போது 'சில பசங்க' வந்தது. ரூலர் இதையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். தாளில் அதற்கு இடமில்லை. குறிப்பது அவளுடைய ஆசை. மனிதர்களுக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க அலுவலகமே சம்பளம் கொடுக்கிறதே என்று இருந்தது.

அவளோடு அதே தெருவுக்கு வந்தவள் குடை. வெயிலோ மழையோ, குடை இல்லாமல் படி இறங்க மாட்டாள். அதனால் அந்தப் பெயர். ரூலர் கிறிஸ்தவள், குடை முஸ்லிம். ஒருத்தி நிரப்பிய தாளை மற்றவள் வாங்கி, விட்டுப்போன பதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சூப்பர்வைசரிடம் தர வேண்டும் என்பது முறை. தினமும் மாலை ஏதாவது ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் தாள் மாற்றிக்கொள்வார்கள். அந்தப் படிக்கட்டுச் சிரிப்புக்காகவே ரூலர் நாளெல்லாம் நடப்பாள்.

மூன்றாவது தெருவில், பதினோராவது முறையாக ஐந்து எண்ணியபோது, எண்ணிக்கை அவளுடைய வீட்டுக் கதவிலேயே போய் நின்றது.

"விட்டுட்டு அடுத்த கதவுக்குப் போயிடவா சார்?" என்று போனில் கேட்டாள்.

"விடக் கூடாது. நீ கேட்கவும் கூடாது. குடையை அனுப்பு. உன் தலை அந்தப் பக்கமே தெரியக் கூடாது."

வேறு எந்த வாரமாக இருந்தாலும் ரூலர் சிரித்திருப்பாள். வீட்டில் மூன்று பேர்: அம்மா, அவள், தம்பி. தம்பி கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். அடிதடி நடந்த அன்று வலது கை பூசணிக்காய்போல் வீங்கி வீட்டுக்கு வந்தான். எதிர் வரிசை டயர் கடைக்காரர் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார் என்று அவனைக் கூட்டிவந்த சர்ச் கமிட்டிக்காரர்கள் சொன்னார்கள். அவர்களே புகார் எழுதினார்கள். தம்பி இடது கையால் கையெழுத்துப் போட்டான். டயர் கடைக்காரர் மூன்று வாரமாக உள்ளே இருக்கிறார். வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் அவரை அடையாளம் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் வழக்கு நிற்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். முதல் வாரம் ஒரு அடி. இரண்டாம் வாரம் மூன்று. "எம்புள்ளை கையெடுத்துக் கும்பிட்டிருக்கான், அப்பவும் விடலையே அந்தப் பாவி!" தம்பி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, வேறு யாரோ ஒருவனின் கதையைக் கேட்பவன்போல் உட்கார்ந்திருப்பான்.

ரூலருக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எலும்பு டாக்டர், சுண்டுவிரல் கணுவைத் தொட்டு, "சுவத்துல குத்தினியா தம்பி? கோவக்காரப் பசங்க எல்லாருக்கும் இந்த இடம்தான் போகும்," என்று சாதாரணமாகக் கேட்டார். "அவனைத்தான் சார் அடிச்சாங்க," என்று அம்மா பாய்ந்தாள். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு மாவுக்கட்டு போடச் சொன்னார். அம்மா அதை அங்கேயே மறந்துவிட்டாள். ரூலர் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மூன்று வாரமாக வைத்துக்கொண்டிருக்கிறாள்.

*

திங்கள்கிழமை குடை அவள் வீட்டுக்குப் போனாள். வீட்டில் இருப்பவர்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். தம்பிக்கு அடுத்த மாதம்.

ரூலர் எதிர்க் கட்டடத்துப் படியில், தலை வெளியே தெரியாமல் உட்கார்ந்து காத்திருந்தாள். வழக்கமாக ஒரு வீட்டுக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகும். நாற்பது ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. அம்மா கூடையோடு வெளியே போவது தெரிந்தது. ஒரு மணி பத்து நிமிடத்தில் குடை வந்தாள். வெயில் சுத்தமாக இறங்கிவிட்டிருந்தது. ஆனாலும் குடையை விரித்துப் பிடித்திருந்தாள்.

"என்னடி, மழையா?"

"ம்?" குடை நிமிர்ந்து பார்த்துவிட்டு மடக்கினாள். "பழக்கதோஷம்க்கா."

"ரொம்ப நேரம் ஆச்சே."

"ஆச்சு."

"அம்மா டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. சர்க்கரை ஜாஸ்தி." குடை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "இந்த ஒண்ணை மட்டும் நான் நேரா சார்கிட்டயே குடுத்துடறேன். நீங்க செக் பண்ணக் கூடாதுல்ல."

நியாயமான பேச்சு. ரூலர் தலையாட்டினாள். மற்ற நான்கு தாள்களை மாற்றிக்கொண்டார்கள். அன்று படிக்கட்டில் சிரிப்பில்லை. கிளம்பும்போது குடை திரும்பிப் பார்த்து எதையோ சொல்ல வாயெடுத்து, "பஸ் வந்துடும்," என்று ஓடினாள். வரவேண்டிய பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டான். அவன் முகத்தில் ஏதோ இறக்கிவைத்தவனின் நிம்மதி இருந்தது. யாரையோ எதிர்பார்ப்பவன்போல் வாசலையும் பார்த்துக்கொண்டான். இரண்டும் ஒரே முகத்தில் எப்படி இருக்க முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் சூப்பர்வைசர் சாப்பிடப் போனார். அவர் மேசையில் முடிந்த தாள்களின் தட்டு இருந்தது. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் எண்களைப் போட்டவளே ரூலர்தான். அவள் வீட்டுத் தாள் நான்காவதாக இருந்தது. உருவினாள். முதல் பக்கத்தில், கேள்வி கேட்பவர் ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயம் வாசிக்க வேண்டிய வரி: 'நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது.' இருபத்தேழாவது கேள்வி ஐந்தாவது பக்கத்தில்.

"பாருங்கக்கா."

குடை கதவருகில் நின்றிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில்.

"நான் தடுக்க மாட்டேன்," என்றாள். "ஆனா நீங்க பார்த்துட்டீங்கன்னா, இனிமே நான் எந்த வீட்டுக்குப் போய் அந்த முதல் வரியைப் படிச்சாலும் பொய்தான் படிப்பேன். எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உங்களுக்கே தெரியும். முகம் காட்டிக் குடுத்துடும்."

"வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குப் போகணும்டி அவன்."

"தெரியும். டயர் கடைக்காரர் எங்க பள்ளிவாசல்ல எங்கப்பா நிக்கிற வரிசையில நிக்கிறவர்." குடையின் குரல் முதல் முறையாகச் சற்று ஏறியது. "மூணு வாரமா அவர் பொண்டாட்டி எங்கம்மாகிட்ட வந்து அழறாங்க. எனக்குத் தெரியாதா வியாழக்கிழமைன்னா என்னன்னு?"

ரூலர் தாளை அதன் இடத்திலேயே செருகினாள்.

"அவன் என்ன சொன்னான்?"

"நீங்க அவன்கிட்டக் கேட்டீங்களா?"

"எதை?"

"எதையாவது."

ரூலர் நூறு வீடுகளில் கேட்டிருக்கிறாள். முன்பின் தெரியாத மனிதர்களிடம், நீங்கள் யாரையாவது அடித்ததுண்டா என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறாள். தம்பியிடம் கேட்டதெல்லாம் வலிக்கிறதா, மாத்திரை போட்டாயா, கை அரிக்கிறதா. அவனிடம் யாருமே கேட்கவில்லை. எல்லோரும் அவனுக்குச் சொன்னார்கள், உன்னை அடித்தார்கள் என்று. அவளும்தான்.

ஏன் கேட்கவில்லை என்று அன்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பயத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. அவன் அடி வாங்கியவனாக இருக்கும்வரை தெருவில் அவளுக்கும் ஒரு மரியாதை இருந்தது. சர்ச்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். முன்பு பார்த்தும் பாராததுபோல் போனவர்கள், "தம்பி எப்படிம்மா இருக்கான்?" என்று நின்று கேட்டார்கள். இருபத்தேழாவது கேள்வியை அவளிடம் யாராவது கேட்டிருந்தால், கூடவே கூடாது என்று யோசிக்காமல் சொல்லியிருப்பாள். ஆனாலும் யாரோ ஒருவர் கம்பிக்குள் இருப்பதில் மூன்று வாரமாக அவளுக்குத் தூக்கம் கெடவில்லை. இந்தக் கண்டுபிடிப்பு அவளுக்குப் புதிதாக இருந்தது. வெட்கத்தைவிட முதலில் ஆச்சரியம்தான் வந்தது. வேறொரு வீட்டின் பதிலைக் கேட்பதுபோல.

*

புதன்கிழமை மாலை அம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து, பழைய போன் ஒன்றின் திருகாணியை இடது கையால் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். திருகாணி நழுவி நழுவி ஓடியது. ரூலர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"கடைத்தெருவுல அடிதடி நடந்த அன்னிக்கு, நீ யாரையாவது அடிச்சியா?"

அவன் நிமிர்ந்தான். அக்காவின் வாயிலிருந்து அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை. கோபமில்லை, கெஞ்சலில்லை.

"என்னக்கா, நானும் உன் லிஸ்ட்ல வந்துட்டேனா?" என்று சிரிக்கப் பார்த்தான்.

அவள் காத்திருந்தாள். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தொழில். தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போய், சத்தம் தேய்ந்து அடங்கியது.

"அடிச்சேன்," என்றான்.

"யாரை?"

"டயர் கடைக்காரரை."

"அவர் உன்னை அடிச்சாரா?"

"இல்ல." அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். "அவர் கையில கம்பி இருந்துச்சு. டயர் கழட்டிட்டு இருந்தாரு, சத்தம் கேட்டு எழுந்து வந்து நின்னாரு. அந்தப் பக்கத்துல இருந்து யாரோ கல் விட்டு, நம்ம சர்ச் பாட்டு மாஸ்டர் நெத்தியில ரத்தம். நான் திரும்பினேன். அவர்தான் பக்கத்துல இருந்தாரு. கன்னத்துல குத்தினேன். கம்பியைக் கீழ போட்டுட்டுக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்தாரு. அவ்வளவுதான். திருப்பி அடிக்கல."

"அவரை உனக்குத் தெரியும்."

"ரெண்டு தடவை ஸ்கிரீன் மாத்திக் குடுத்திருக்கேன்."

அடுத்த கேள்வி எந்தத் தாளிலும் இல்லை. அது அவளுடையது. கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் வந்துவிட்டது. "அடிச்சப்போ எப்படி இருந்துச்சு?"

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தான். "நல்லா இருந்துச்சுக்கா," என்றான் மெதுவாக. "ரெண்டே செகண்ட். நம்ம ஆளுங்க எல்லாரும் என் கைக்குள்ள இருந்த மாதிரி. அப்புறம் வலிச்சுது. வலிச்சது எனக்கு மட்டும்தான்."

"புகார்ல ஏன் அப்படி எழுதினே?"

"நான் எங்க எழுதினேன்? நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கமிட்டி எழுதி முடிச்சுட்டாங்க. அப்புறம் அம்மா. நீயும்தான், கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதே. எப்படிச் சொல்றது? அதான் அந்தக் குடைக்கார அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்."

"அவ முஸ்லிம்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்! அவங்க ஆளுங்ககிட்டப் போய்ச் சொல்லிடுவாங்க, விஷயம் தானா வெடிச்சுடும், நான் என் வாயால சொல்ல வேண்டியிருக்காதுன்னு பார்த்தேன். கடைசில அவங்ககிட்டயே கேட்டேன், போய்ச் சொல்லிடுங்கன்னு. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'தம்பி, நீங்க சொன்னது வெளியே போகாது, அது எங்க ரூல்'னு. அழுதுட்டே சொல்றாங்க! ரெண்டு நாளா யாராவது வந்து சட்டையைப் பிடிப்பாங்கன்னு வாசலையே பார்த்துட்டு இருக்கேன். ஒருத்தரும் வரல."

ரூலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத, பொருத்தமே இல்லாத சிரிப்பு. பிறகு, தெரிந்த மனிதர் கம்பிக்குள் இருக்க, அவருடைய விடுதலையைப் பையில் வைத்துக்கொண்டு வெயில் இல்லாத தெருவில் குடை விரித்து நடந்தவளை நினைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. நான் செய்திருப்பேனா? தெரியவில்லை. அந்த வரியை நூறு முறை வாசித்திருக்கிறாள்; அதற்கு இவ்வளவு கனம் உண்டென்று அவளுக்குத் தெரியாது.

"நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"தெரியல."

அவள் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. எழுந்து மொட்டைமாடிக்குப் போய்க் குடைக்குப் போன் செய்தாள்.

"சொல்லிட்டான்டி."

மறுமுனையில் நீண்ட மூச்சு. பிறகு, "எதைச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா," என்றாள் குடை, தெளிவாக. கொஞ்சம் விட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

*

ஸ்டேஷன் நடைபாதையில் ஐந்து பேரை நிறுத்தியிருந்தார்கள். அம்மாவை வாசல் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். ரூலரைத் தம்பிக்குப் பின்னால் நிற்க விட்டார்கள். டயர் கடைக்காரர் மூன்றாவதாக நின்றார். ரூலர் அவரை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. வெளியில் பெரிய ஆளாகத் தெரிவார். இங்கே சட்டை தோளிலிருந்து வழிந்தது. இடது கன்னம் இன்னும் லேசாக மேடாக இருந்தது. மூன்று வாரமாக அந்தக் கன்னத்தை யாருமே பார்க்கவில்லையா, பார்த்தும் கேட்கவில்லையா?

"நல்லாப் பார்த்துச் சொல்லு. இதுல யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தம்பி நேராகப் போய் மூன்றாமவர் முன்னால் நின்றான். ரூலருக்கு அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இவர்தான்," என்றான். "இவரை நான் அடிச்சேன்."

"யோவ், நான் கேட்டது அதில்ல. உன்னை அடிச்சது யாரு?"

"என்னை யாரும் அடிக்கல சார். இவர் கன்னத்துல குத்தினேன், கை உடைஞ்சுடுச்சு."

எழுத்தர் பேனாவை நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் தம்பியையும் எழுத்தரையும் மாறிமாறிப் பார்த்தார். "காலையிலேயே ஆரம்பிச்சுட்டானுங்கய்யா. புகார்ல கையெழுத்து உன்னோடதுதானே? இப்ப உன் மேல வழக்குப் போடணும், தெரியுமா?"

"தெரியும் சார்."

வெளியே பெஞ்சு கிரீச்சிட்டது. அம்மா கேட்டுவிட்டாள். ரூலர் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு இன்றைக்கும் நாளைக்கும் இன்னும் பல நாளைக்கும் பதில் சொல்லியாக வேண்டும், தெருவுக்கும், கமிட்டிக்கும். அதெல்லாம் வரிசையில் நிற்கட்டும். இப்போது அவள் கண்கள் டயர் கடைக்காரரின் முகத்தை விட்டு அகலவில்லை. கோபப்படுவார், அழுவார், கடவுளுக்கு நன்றி சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்தாள். அவர் எதுவும் செய்யவில்லை. வெகுநாளாகக் கேட்பதற்கு ஆள் கிடைக்காமல் இருந்தவர்போல் தம்பியின் பக்கம் குனிந்தார்.

"ஏன் தம்பி என்னை?"

"நீங்க பக்கத்துல இருந்தீங்கண்ணே."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லண்ணே."

"மூணு வாரமா படுத்துக்கிட்டே நினைச்சுப் பார்த்தேன்," என்றார். "போன் ரிப்பேர் பண்ணின அன்னிக்கு உன்கிட்ட ஏதாவது தப்பாப் பேசிட்டேனோ, உன் கடை வாசல்ல டயரைப் போட்டு வெச்சுட்டேனோன்னு. ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. ஏதாவது இருக்கும்னுதான் நினைச்சேன்."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். தம்பியிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை.